யார் யாரோடு வந்தது

எங்கள் துவாரகா சொசைட்டியின் லிஃப்டில் யார் ஏறினாலும் அப்பா என்னைக் காட்டி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். "மேரா பேட்டா. கனடா மே தா. மேரே லியே சப் சோட்கே ஆயா." என் மகன், கனடாவில் இருந்தான், எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டான். ஏறியவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். அரைக்கால் டிரவுசரும் கசங்கின பனியனுமாகக் கையில் பால் பாக்கெட்டோடு நிற்கிறவனைப் பார்த்து, இவன் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன்தான் என்று நம்புவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருந்திருக்காது. அடுத்த மாடி வருவதற்குள் அப்பா இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துவிடுவார். "பஹூ பீ உஸ்கே சாத் ஆ கயீ." மருமகளும் அவனோடயே வந்துருச்சு.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்தது நேர் எதிர்.

டெல்லியில் வேலை கிடைத்தது என் மனைவிக்கு. டொரொண்டோவில் அவள் வேலை பார்த்த கம்பெனிக்குக் குர்கானில் ஓர் ஆபீஸ் உண்டு. டெல்லியில் என் அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்து, பனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "எனக்கு டெல்லிப் பக்கம் மாற்றல் வந்திருக்கு. நீங்களும் என்னோட வாறியளோ?" என்று கேட்டாள். வாறியளோவா! அங்கே அப்பா மூன்று வேளையும் ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டு, போனில் மட்டும் "சாம்பார் வச்சேன், அவரைக்காய் பொரியல்" என்று வாய் கூசாமல் அளந்துகொண்டிருந்தார். நான் மறுவாரமே என் வேலையை விட்டேன். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அவளுடைய பெட்டியோடு என் பெட்டியையும் கட்டிக்கொண்டு வந்தேன். இதுதான் நடந்தது.

ஆனால் அப்பா பார்க்கிற கோணம் வேறு. மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பாதி ஆயுசைக் கழித்தவர். செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். தன் மகன் என்றால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர். இப்போது என்னவென்றால், மருமகள் காலையில் காரில் ஏறிக் குர்கான் போகிறாள், மகன் பால்கனியில் நின்று அவளுடைய துப்பட்டாவைக் காயப்போடுகிறான். வீட்டிலிருந்தே சில கம்பெனிகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்தான். ஆனால் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதெல்லாம் அப்பா அகராதியில் வேலை இல்லை.

"ஏன்ப்பா இப்படிப் புளுகுறீங்க? நான்தானே அவளோட வந்தேன்?" என்று ஒருநாள் லிஃப்டை விட்டு இறங்கினதும் கேட்டேன்.

"ஏண்டா, பொண்டாட்டி வேலைக்காகப் பொட்டியைத் தூக்கிட்டு வந்தவன்னு ஊரெல்லாம் சொல்லச் சொல்றியா? கேக்குறவன் என்ன நினைப்பான்?"

"உண்மைன்னு நினைப்பான்."

"போடா இவனே. உண்மையெல்லாம் ஆபீஸ் ஃபைல்ல இருந்தாப் போதும். வீட்டு விஷயத்துல மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

நான் அவளிடம் போய்ப் பொருமினேன். அவள் சிரித்தாள். "விடுங்கோவன். மாமா அப்பிடிச் சொல்றதில உங்களுக்கு என்ன நட்டம்?" என்றாள். அவளையும்தான் அவர் மட்டம் தட்டுகிறார், வேலை பார்த்துச் சம்பாதிக்கிறவளை 'அவனோடயே வந்துருச்சு' என்று ஒரு வாலாக ஆக்குகிறார், அதில் அவளுக்குக் கோபம் வர வேண்டாமா? வரவே இல்லை. அவர் சொல்லும்போதெல்லாம் லிஃப்டின் எண்களைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரிப்பாள். பெரியவருக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. சின்ன வயதிலேயே வீட்டாரோடு கனடா போய் அங்கே வளர்ந்தவள். கல்யாணப் பேச்சு எடுத்தபோது அப்பா, "நம்ம மதுரைப் பக்கம் பொண்ணே இல்லையாடா?" என்று ரொம்ப முறுக்கிக்கொண்டார். முதல் தடவை டெல்லிக்கு அவளைக் கூட்டி வந்த வாரத்திலேயே கட்சி மாறிவிட்டார். காரணம், அவள் பேச்சு. நான் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவன்தான். ஆனாலும் என் தமிழில் பாதி அச்சா, பாதி ஜல்தி. அவள் வாயைத் திறந்தால் தமிழ் மட்டும் வந்தது. "கேட்டுக்கிட்டே இருக்கலாம் போலருக்குடா. நீயும் இருக்கியே" என்று என்னைக் குத்திக் காட்டுவது அன்றைக்கே ஆரம்பித்தது. அவளை அவர் தாயி என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் இடியப்பம் பிழிவாள், அப்பா பக்கத்தில் நின்று தேங்காய்ப் பால் விட்டுச் சொதி வைப்பார். அம்மா இருந்த காலத்தில் தண்ணீர்கூடக் காய்ச்சத் தெரியாத மனுஷர்! "தாயி, கொதி வருது, இறக்கட்டுமா?" என்பார். "இறக்கிப் போடுங்கோ மாமா, திரைஞ்சிடும்" என்பாள். நான் அடுப்படிக்குள் தலையை நீட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை விரட்டுவார்கள். அப்பாவின் கன்னத்தில் சதை பிடித்தது. பார்க்கில் புதுசாக ஒரு சீட்டுக் கோஷ்டி சேர்ந்தது. ரொட்டி பால் கதையே ஒழிந்தது. டெல்லிக்கு வந்ததில் எனக்கு வேறு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால், இது போதாதா என்று சண்டைக்குப் போவேன்.

இப்படி வருஷங்கள் ஓடின. பிறகு கம்பெனி அவளைத் திரும்பக் கூப்பிட்டது.

கூப்பிடாவிட்டாலும் அவள் போகவேண்டிய நேரம்தான். டொரொண்டோவில் அவள் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடந்தார்கள். அவளுடைய அண்ணன் வீட்டில்தான் இருந்தார்கள், அண்ணனும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனாலும் வீடியோவில் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு இவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவது எனக்குக் கேட்கும். எங்கள் அப்பாவுக்கு இவள் இருந்தாள். இவள் அம்மாவுக்கு நான் போய் இருக்க வேண்டாமா? அப்பாவே சொல்லிவிட்டார். "நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். சொதி வைக்கத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க."

கிளம்பலாம். ஆனால் அவள் கனடியக் குடிமகள், டிக்கெட் எடுத்தால் போதும். நான் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிற வெறும் பி.ஆர்., நிரந்தர வசிப்புரிமை மட்டும் வைத்திருப்பவன். குடியுரிமைக்கு எழுதிப்போடும் தகுதி வந்தபோது, இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று மனசு வரவில்லை. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பயல், அப்படித்தான் இருப்பேன். "அதுவும் நீலம், இதுவும் நீலம். என்னப்பா உங்களுக்கு வித்தியாசம்?" என்று அவள் அப்போதே கேலி செய்தாள். சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சோம்பலாக விட்டது இப்போது வந்து கழுத்தைப் பிடித்தது.

பி.ஆர். என்பது பெயரில்தான் நிரந்தரம். எந்த ஐந்து வருஷத்தை எடுத்தாலும் அதில் இரண்டு வருஷமாவது அந்த நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமை பறிபோகலாம். நான் அந்தக் கணக்கில் எங்கேயோ பின்னால் நின்றேன். ஆனால் ஒரு சலுகை உண்டு. குடியுரிமை உள்ள மனைவியோ கணவனோ வெளிநாட்டில் இருக்க, அவரோடு கூடப் போய் இருக்கிற பி.ஆர்.காரர் அங்கே கழிக்கிற நாளெல்லாம் கனடாவில் கழித்த நாளாகவே எண்ணப்படும். அந்தத் தைரியத்தில்தான் நான் துப்பட்டா காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டெல்லியில் நான் கழித்த ஒவ்வொரு நாளும் செல்லும். நான்தானே அவளோடு வந்தவன்!

என் பி.ஆர். அட்டை காலாவதியாகிவிட்டிருந்தது. அட்டை இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால் திரும்பிப் போவதற்கான பயண ஆவணத்துக்கு டெல்லியிலிருந்தே விண்ணப்பித்தேன். அவளுடைய மாற்றல் உத்தரவு, இரண்டு பேர் பெயரிலும் போட்ட வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

அது நல்ல குளிர்காலம். ஒருநாள் காலை போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கீழே பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா பால்கனி வெயிலில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறார்.

"டேய், கனடா ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணுனாங்க. என்னா மரியாதை, என்னா மரியாதை!"

பால் பாக்கெட்டோடு பால்கனிக்கே போனேன். "என்ன சொன்னாங்க?"

"நீ இருக்கியான்னு கேட்டாங்க. பால் வாங்கப் போயிருக்கான்னேன். சரி, அப்புறம் கூப்பிடுறேன்னாங்க. விடுவேனா? மேலிடத்துல இருந்து விவரம் கேட்டா அன்னைக்கே குடுத்துப் பழகுன ஆளுடா நான். மேடம், நான் அவன் அப்பா, ரிட்டையர்டு செக்‌ஷன் ஆபீசர், எதுவா இருந்தாலும் எங்கிட்டயே கேளுங்கன்னேன்."

"கேட்டாங்களா?"

"மகன் மருமக வேலைக்காக இங்க வந்தாரான்னு கேட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அதெல்லாம் இல்லை மேடம், அவன் எனக்காக வந்தான், மருமகதான் அவன் கூட வந்துச்சுன்னு எடுத்துச் சொன்னேன். பெத்த தாயை அங்கிட்டு விட்டுப்புட்டு, புருஷன் பின்னால இம்புட்டு தூரம் எவ வருவா மேடம், தங்கமான பொண்ணுன்னு உன் பொண்டாட்டியைப் பத்தியும் நாலு வார்த்தை நல்லதாச் சொன்னேன். அந்தம்மா எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டாங்க."

பால் பாக்கெட்டை மேசைமேல் போட்டேன். அது உடைந்து வழிந்தது. அதற்குமேல் நான் போட்ட கத்தலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? லிஃப்டுல அளந்தது போதாதா? நான் அவளோட வந்தாத்தான்ப்பா என் நாள் கணக்குல சேரும்! அவ என்னோட வந்தா சேராது! சட்டத்துல யாரு யாரோட வந்தாங்கங்கிறதை வச்சுத்தான் பாப்பாங்க! இப்ப உள்ளேயே விட மாட்டேன்னுட்டா அவ மட்டும் போகணும், நான் இங்கிட்டே கிடக்கணும், திரும்ப முதல்ல இருந்து எழுதிப்போட்டு வருஷக்கணக்குல நிக்கணும். உங்க மானம் மரியாதைக்கு என் பொழப்பு நாசமாப் போச்சு!"

அப்பாவுக்கு விதி என்றால் ஒரு தடவை சொன்னால் போதும். வாழ்நாள் முழுக்க விதியோடு புழங்கியவர். அவர் என்னைத் திட்டவில்லை. கால்மேல் போட்டிருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கினார். "அப்ப நான் ஃபைல்ல தப்பா நோட் எழுதிட்டேனாடா?" என்றார். லஞ்சம் வாங்கினவனைக்கூட மன்னிப்பார், தப்பாக நோட் எழுதினவனை மன்னிக்க மாட்டார். துணியை எடுத்துவந்து அவரே பாலைத் துடைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அன்றிலிருந்து லிஃப்டில் அவர் வாயைத் திறக்கவில்லை. நாலாவது மாடி சர்தார்ஜி, "க்யா ஹுவா அங்கிள்ஜி, தபியத் டீக் ஹை?" என்று உடம்பைப் பற்றி விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டது. இரண்டொரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைக் காட்டி "மேரா பேட்டா" என்று ஆரம்பித்து, அதற்கப்புறம் வரவேண்டியது வராமல் விழுங்கிவிட்டார். உண்மையைச் சொல்லிப் பழகிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. முடியவில்லை, பாவம். அவர் தலைமுறைக்கு அது தன் மகனைத் தானே சபையில் வைத்து அடிக்கிற மாதிரி.

இரண்டு பேரையும் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா அன்றைக்குக் காலையிலேயே குளித்து, பழைய ஆபீஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்க எங்க?"

"திருத்தம் குடுக்க. முன்ன சொன்னது தவறுன்னு நானே சொல்லிட்டு வந்துடுறேன்."

"உங்களை உள்ள விட மாட்டாங்கப்பா."

"வெளிய உக்காந்திருக்கேன். கேட்டாங்கன்னா கூப்பிடு."

சாணக்கியபுரியில் அந்தச் சாலை எப்போதும்போல் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. எதிர்ப்புறம் ஒரு வேப்பமரத்தடியில் அப்பாவை உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். அவள் என் கையைப் பிடித்தாள். குளிரா பயமா தெரியவில்லை, அவள் கை சில்லென்று இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நடுவயதுப் பெண்மணி. அப்பா சொன்னது சரிதான், ரொம்ப மரியாதை. முதலில் என்னைக் கேட்டார். ஏன் டெல்லிக்கு வந்தீர்கள்? மனைவியின் வேலைக்காக, அவளோடு வந்தேன் என்றேன். உங்கள் தந்தை வேறு மாதிரி சொன்னாரே என்றார். நான் மானம், மரியாதை, லிஃப்டு என்று ஏதேதோ உளறினேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என் மனைவி பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள், இந்த மாற்றல் எப்படி வந்தது என்று கேட்டார்.

அவள் இங்கிலீஷில்தான் சொன்னாள். என் மனசில் அது அவளுடைய தமிழில்தான் பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"மாற்றல் கம்பெனி தந்ததுதான். ஆனால் கேட்டது நான். டெல்லிக்கு அனுப்புங்கோ எண்டு நானாப் போய்க் கேட்டனான். இடமில்லை எண்டு சொல்லிச்சினம். திரும்பவும் போய்க் கேட்டனான். இருந்த பதவியை விடக் குறைஞ்ச பதவிதான் இருக்கு எண்டவை. பரவாயில்லை எண்டு சொன்னனான்.

"இவர் ஒவ்வொரு நாளும் தன்ர அப்பாவோட போனில கதைப்பார். கதைச்சு முடிச்சாப் பிறகு போனைக் கீழ வைக்க மாட்டார். கையில வச்சுக்கொண்டே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்காது. வாய் திறந்து ஒரு நாளும் 'போவம்' எண்டு சொன்னதில்லை. என்ர அம்மா அங்க இருக்கிறா எண்டு தெரியும், அதால சொல்லேல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால ஏலாமல் போச்சு. அதுதான் கேட்டனான்.

"இவருக்கு இது தெரியாது. இண்டைக்குத்தான் கேக்கிறார். மாற்றல் தானா வந்தது எண்டு நினைச்சு, தன்ர வேலையை விட்டிட்டு என்னோட வந்தவர். மாமா சொன்னதும் பொய்யில்லை, இவர் சொல்றதும் பொய்யில்லை. உங்களுக்கு எது வேணுமோ அதை எழுதுங்கோ."

கண்ணாடியில் என் முகம் எனக்கே தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அந்த அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, முடிவு தபாலில் வரும், நன்றி என்றார்.

வெளியே வந்தால் அப்பா மரத்தடியில் எழுந்து நிற்கிறார், கூப்பிட்டால் ஓடிவரத் தயாராக. "என்னைக் கேட்டாங்களா?"

"இல்லை மாமா. அந்த அம்மா வடிவாத்தான் கதைச்சவா. வாங்கோ போவம்" என்றாள் அவள்.

மெட்ரோவில் ஒரு பையன் எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுத்தான். நாங்கள் கதவோரம் நின்றோம். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அத்தனை வருஷம் அவள் சின்னப் பதவியில் குர்கானுக்கு அலைந்ததை, நான் அவளுக்காகத் தியாகம் பண்ணியதாக நினைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேனே!

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியளோ?"

வந்திருக்க மாட்டேன். எனக்காக நீ உன் அம்மாவை விட்டுவிட்டு வராதே என்று வீறாப்பு பேசியிருப்பேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அப்பா ரொட்டி தின்றுகொண்டிருப்பார். கூட்டத்தில் வேறு ஒன்றும் செய்ய முடியாமல் அவள் தோளில் என் நெற்றியை வைத்துக்கொண்டேன். "சனம் பாக்குது, நிமிருங்கோ" என்றாள், ஆனால் தள்ளவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லணும்" என்றேன்.

"சொல்லிப் போடாதேங்கோ." அவள் அப்பா இருந்த பக்கம் பார்த்தாள். அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தனக்காகத்தான் நான் வந்தனான் எண்டு தெரிஞ்சால், நாங்கள் போகேக்க அந்த மனுசன் தாங்காது. என்ர வேலைக்கு வந்தம், வேலை முடிஞ்சுது, போறம். அப்பிடியே இருக்கட்டும்."

சில வாரங்கள் கழித்து என் பாஸ்போர்ட் திரும்பி வந்தது, உள்ளே பயண ஆவணம் ஒட்டியிருந்தது. என் டெல்லி நாட்கள் அத்தனையும் செல்லும் என்று அர்த்தம். அப்பா அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் பழையபடி மலர்ந்தது. "அப்ப என் நோட்டைத் தள்ளுபடி பண்ணிட்டாங்கடா!" என்று கையைத் தட்டினார். அந்த நோட்டும் பொய்யில்லை என்று அவள் கண்ணாடி முன்னால் சொல்லிவிட்டு வந்தது தெரியாமல் அவர் கொண்டாடினார். ஆமாப்பா என்றேன். அவள் அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கிளம்புகிற அன்று மத்தியானம் பெட்டிகளை லிஃப்டில் ஏற்றினோம். அப்பா விமான நிலையம் வரை வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், கீழே டாக்ஸி வரைக்கும்தான். நாலாவது மாடியில் லிஃப்டு நின்றது. சர்தார்ஜி உள்ளே வந்து பெட்டிகளைப் பார்த்தார்.

"அரே, பேட்டா வாபஸ் ஜா ரஹா ஹை?" மகன் திரும்பிப் போகிறானா என்று கேட்டார்.

அப்பா எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வந்தது, இரண்டு வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பஹூ ஜா ரஹீ ஹை," என்றார். மருமகள் போகிறாள். பிறகு ஆபீஸில் அறிக்கை படிக்கிற குரலில், "உஸ்கா காம் ஹை. பேட்டா உஸ்கே சாத் ஜா ரஹா ஹை. ஆயா பீ தா உஸீ கே சாத்." வேலை அவளுக்கு. மகன் அவளோடு போகிறான். வந்ததும் அவளோடுதான்.

சர்தார்ஜிக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "படியா, படியா", ரொம்ப நல்லது என்று என் முதுகில் தட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அப்பாவுக்கு மட்டும் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பெரிய பெட்டியை என்னிடம் விடாமல் தானே இழுத்துக்கொண்டு டாக்ஸி வரைக்கும் வந்தார். வந்து அவள் முன்னால் நின்றார்.

"தாயி, இத்தனை வருஷமா லிஃப்டுல உன்னைப் பத்திப் பொய் சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். மனசுல வச்சுக்காத."

அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. "நீங்கள் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை மாமா" என்றாள்.

அப்பா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாடா, எம்புட்டு மரியாதைன்னு?" என்றார். நான் பெட்டிகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்த பிறகும் குனிந்தே இருந்தேன்.